தற்குறி

எழுதத் தெரியாதவனைத் தற்குறி என்கிறோம். வசவாகத்தான் சொல்கிறோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதில் வசவு எதுவும் இல்லை. தன் குறி, தானே இட்ட அடையாளம், அவ்வளவுதான். எழுத்தறியாத ஒருவர் பத்திரத்தின் அடியில் ஒரு கீறல் போட்டார். இந்தக் கீறல் இன்னாருடையது என்று எழுத்தறிந்த இன்னொருவர் பக்கத்தில் எழுதினார். நாளாவட்டத்தில் கீறலின் பெயர் கீறியவனுக்கு வந்து சேர்ந்து அவமானமாகிவிட்டது. அந்தக் கீறலுக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கிற ‘தன்’ என்ற சொல் எதன் பலத்தில் நிற்கிறது என்பதே இங்கே என் விசாரம். சொல்லாராய்ச்சியில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஒரு வியாதிதான் என்னை இந்தச் சொல்லிடம் கொண்டுவந்து விட்டது.

1924-இல் வியன்னாவில் ஜோசப் கெர்ஸ்ட்மன் என்ற நரம்பியல் மருத்துவர் 52 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். அவளுக்குத் தன் விரல்கள் எவை என்று தெரியவில்லை. கை மரத்துப் போகவில்லை, முடங்கிப் போகவுமில்லை. ஆனால் மோதிரவிரலைக் காட்டு என்றால் அவளால் காட்ட முடியாது. எதிரே இருப்பவரின் கையிலும் காட்ட முடியாது. அடுத்த சில ஆண்டுகளில் கெர்ஸ்ட்மன் இத்துடன் மேலும் மூன்று குறைகளைச் சேர்த்தார்: எழுத வராமல் போவது, கணக்கு வராமல் போவது, இடம் வலம் தடுமாறுவது. இடது பெருமூளையில், காதுக்கு மேலே சற்றுப் பின்தள்ளி, கோண மடிப்பு என்று சொல்லத்தக்க ஒரு வளைவை ஒட்டிச் சேதம் நேர்ந்தால் இந்த நான்கும் சேர்ந்து வரலாம் என்பது அவர் கண்டது. வேறெதுவும் கலக்காமல் இந்த நான்கு மட்டும் வருவது மிக அபூர்வம். கெர்ஸ்ட்மன் யூதர். 1938-இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்ததும் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். 1969-இல் நியூயார்க்கில் இறந்தார்.

இந்த நான்கும் உண்மையிலேயே ஒரு வியாதியா என்று கேட்டவர்கள் உண்டு. ஆர்தர் பென்டன் 1961-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அதைப் புனைவு என்று சொல்லிவிட்டார். இந்த நான்கு குறைகளும் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவு, மூளையின் அந்தப் பகுதி கெடும்போது வரும் வேறு குறைகளோடு அவை கொண்டுள்ள உறவைவிடப் பலமானதல்ல. பார்க்கிறவர் நான்கை எடுத்துக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டார் என்பது அவர் வாதம். நம் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. நான்கு கவிஞர்களைப் பொறுக்கியெடுத்து ஒரு இயக்கம் என்று பெயர் வைத்து, பிறகு ஐந்தாமவரை அந்தப் பெயரை வைத்தே நிராகரிக்கிற விமர்சகர்களோடு நாம் டீ குடித்திருக்கிறோம்.

2009-இல் எலெனா ருஸ்கோனியும் அவருடைய சகாக்களும் நோயில்லாதவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்துச் சொன்னது எனக்குத் திருப்தியாக இருக்கிறது. மூளையின் மேற்பரப்பில் இந்த நான்கு வேலைகளும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. ஆனால் அடியில் ஓடுகிற வெள்ளை நார்கள் ஓரிடத்தில் நெருங்கிச் செல்கின்றன. அங்கே ஒரு சிறு சேதம் ஏற்பட்டால் நான்கும் அறுபடலாம். வயல்கள் வேறு வேறு ஆட்களுடையவை. நான்குக்கும் தண்ணீர் போகிற வாய்க்கால்கள் ஒரே பாலத்தடியில் போகின்றன. பாலம் இடிந்தால் நான்கு பேரும் காயவேண்டியதுதான். அதனால் நான்கு வயலும் ஒரே வயல் ஆகிவிடாது.

கெர்ஸ்ட்மன் இப்படி நினைக்கவில்லை. விரலை அறிவதுதான் மூலம், மற்றவை அதிலிருந்து கிளைத்தவை என்று நினைத்தார். மருத்துவமாக அது நிற்கவில்லை. இருந்தாலும் நம் ஊர்க்காரனுக்கு அதை அப்படியே தூக்கிப் போட மனம் வருவதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை எழுத்தைக் கற்றது மணலில், சுட்டுவிரலால். இன்றும் கடைத்தெருவில் பாருங்கள் - கட்டைவிரல் மற்ற விரல்களின் கோடுகளில் ஏறி இறங்கிக்கொண்டே கணக்குப் போடும். விரலுக்கு மூன்றாக நாலு விரலுக்குப் பன்னிரண்டு. எண்ணையும் எழுத்தையும் இரண்டு கண்கள் என்று சொல்லிப் பழகிய மரபு இது. இரண்டும் விரல்கள் என்று சொல்லியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். பிறகு எழுத்திலும் ஓர் இடம் வலம் இருக்கிறது. கொம்பு எழுத்துக்கு இடது பக்கம், கால் வலது பக்கம். ஒகரத்துக்கோ இரண்டு பக்கமும் வேண்டும். காதால் ‘கொ’ என்று கேட்கிறோம், ஒரே ஒலிதான். கை அதை மூன்று துண்டாக்கி நடுவிலுள்ளதன் இரு மருங்கிலும் வைக்கவேண்டியிருக்கிறது. இடம் வலம் தொலைந்த ஒருவனுக்குத் தமிழ் எழுத்து என்னவாகும் என்று வியன்னாக்காரர் யோசித்திருக்க வாய்ப்பில்லை. நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே ஓர் ஊர். அங்கே என் பெரியப்பா கர்ணமாக இருந்தவர். அவருக்கு முன் அவர் அப்பா. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தபோது அவருக்கு முப்பத்துநாலு வயது. ஒழித்தது நியாயந்தான் என்பது என் அபிப்பிராயம். அவருடைய அபிப்பிராயமும் கடைசியில் ஏறக்குறைய அதுவே ஆயிற்று, ஆனால் அதற்கு அவர் வேறு வழியாக வந்தார். பதவி போன பிறகும் ஊருக்கு அவர் கர்ணந்தான். சிட்டா, அடங்கல், புல எண்கள், எந்தப் பங்காளிச் சண்டையில் எந்த வரப்பு எத்தனை முழம் நகர்ந்தது என்பது வரை எல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. முந்திரி, அரைக்காணி, மாகாணி என்று கீழ்வாய் இலக்கங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

2009-இல் அவருக்கு மூளையில் ரத்தம் அடைத்தது. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். பேச்சுக் குழறவில்லை. எழுந்து நடந்தார். தப்பித்தார் என்றுதான் எல்லோரும் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மூன்றாவது வாரம் ஒரு தபாலுக்கு விலாசம் எழுத உட்கார்ந்தவர் அரை மணிநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். கொம்புகள் வலப்பக்கம் போயிருந்தன, கால்கள் இடப்பக்கம். புள்ளிகள் எங்கெங்கோ. எழுத்துகள் இருந்தன, எழுத்து இல்லை. ஆனால் அன்றைய பேப்பரைத் தங்குதடையில்லாமல் வாசித்தார். தான் எழுதியதையும் வாசிக்கப் பார்த்து, ‘இது யார் எழுதினது?’ என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

மறுபடி போனபோது ஓர் இளம் டாக்டர் பரிசோதித்தார். நூறிலிருந்து ஏழு போனால்? பெரியப்பா யோசித்து, கூச்சத்தோடு சிரித்தார். ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்டதும் மடமடவென்று ஒப்பித்தார். அப்படியும் நடக்கும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். தெஹேனும் கோஹெனும் 1997-இல் இதே நோய்க்குறிகள் கொண்ட ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவருக்கு இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள எண்ணைச் சொல்ல முடியவில்லை. ஆனால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே என்ன கிழமை என்று சொல்ல முடிந்தது. அளவாக நிற்கும் எண் போய்விடுகிறது. ஓதலாக நிற்கும் எண் தங்குகிறது. நம் எண்சுவடி ஓதலை நம்பியது வீண்போகவில்லை என்று இதை வைத்து யாராவது பெருமைப்பட்டால் நான் சேர்ந்துகொள்ள மாட்டேன். ஓதியதை வைத்து அவரால் ஒரு கட்டுக் கீரைக்குப் பாக்கிச் சில்லறை வாங்க முடியவில்லை.

பிறகு டாக்டர் அவருடைய கண்ணை மூடச் சொல்லி ஒரு விரலைத் தொட்டார். எந்த விரல்? பெரியப்பா சொன்னது வேறு விரல். கண்ணைத் திறந்த பிறகும் வேறு விரல்தான். இதற்குச் சில நிமிஷங்கள் முன்னால்தான் அதே விரலில் கொசு கடித்து, அவர் அதைத் தப்பாமல் சொறிந்திருந்தார். மெர்லோ-போந்தி 1945-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் ஷ்னைடர் என்ற, போரில் மூளை அடிபட்ட ஒருவனைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்தில்தான் நெடுநேரம் நிற்கிறார்: மூக்கைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு மூக்கைச் சுட்டத் தெரியவில்லை. பிடிக்கிற உடம்பு ஒன்று, காட்டுகிற உடம்பு ஒன்று. சொறிவதற்குத் தன் விரல் அவருக்கு இருந்தது. சாட்சி சொல்வதற்கு இல்லை.

ஜி. ஈ. மூர் 1939-இல் ஒரு பிரசங்கத்தில் வெளியுலகம் உண்டு என்று நிரூபிக்கத் தம் இரு கைகளையும் உயர்த்தி, இதோ ஒரு கை, இதோ இன்னொன்று என்றார். இதை அற்பம் என்று சிரித்தவர்கள் இருக்கிறார்கள். இதைவிட உறுதியானது எதுவுமில்லை என்று எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். என் பெரியப்பாவிடம் மூரின் வாதம் பாதி நடக்கும். கை இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவேயில்லை. இதோ ஒன்று, இதோ இன்னொன்று என்று சொல்லும்போதுதான் தடுமாறுவார். நிச்சயம் அப்படியே இருக்கிறது, நிச்சயத்தை எண்ணிக் காட்டத்தான் முடியவில்லை. இதை மூர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

விஷயத்துக்கு வருகிறேன். 2010-இல் அவருடைய மூன்றரை ஏக்கர் புஞ்சை விற்பனைக்கு வந்தது. அந்தப் பக்கத்து மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். டைனோசார் காலத்துக் கடல் விட்டுப்போன சிப்பியும் நத்தையும் சுருள்சுருளாகக் கல்லாகி, உழும்போதே கொழுவில் தட்டும். சிமெண்டுக்காரர்களுக்கு அது வேண்டும். மேலும் கீழும் சுற்றியுள்ள காடெல்லாம் கைமாறிவிட்டது. நடுவில் இது ஒன்றுதான் பாக்கி. மகன், அதாவது என் அண்ணன், விற்றுவிடலாம் என்றான். பெரியப்பாவும் சரி என்றார். என்னைச் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள்.

முதல்நாள் ராத்திரி அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஏக்கர் இவ்வளவு என்றால் மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டேன். தெரியவில்லை. ‘மேலண்டைக் காட்டுக்காரனுக்குக் குடுத்ததைவிடக் கம்மியா?’ என்று திருப்பிக் கேட்டார். கம்மிதான் என்றேன். ‘அவன் காட்டுல கெணறு இருந்துச்சு. நமக்குக் கெணறு இல்ல. சரிதான்’ என்றார். மறுநாள் பத்திர எழுத்தர் கொண்டுவந்த நகலை ஒரு வரி விடாமல் வாசித்தார். நான்கெல்லை வருகிற இடத்தில் நிறுத்தினார். வடக்கே வண்டிப்பாதை என்று அடித்திருந்தது. ‘வண்டிப்பாதை தெக்கால இல்ல இருக்கு? வடக்கால ஓடை’ என்றார். எழுத்தர் பழைய தாய்ப்பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருத்தி அடித்துக் கொண்டுவந்தார். அங்கிருந்த எங்கள் ஐந்து பேரில் அந்தப் பிழையைக் கண்டது, தன் சுட்டுவிரல் எது என்று தெரியாத அந்த மனிதர் ஒருவர்தான்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 12-ஆம் பிரிவில் ‘தெளிந்த மனம்’ என்பதற்கு இலக்கணம் சொல்கிறது. ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ளவும், அது தன் நலத்தை எப்படிப் பாதிக்கும் என்று நியாயமாக எடைபோடவும் அந்த நேரத்தில் முடிந்தால் போதும். கூட்டத் தெரியுமா, எழுதத் தெரியுமா, உன் உறுப்புகளின் பெயர் தெரியுமா என்று சட்டம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த நாட்டில் நிலம் வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் நெடுங்காலம் மனத்தெளிவில்லாதவர்களாகவே இருந்திருப்பார்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து விழவில்லை. முன்பெல்லாம் ஒரே சுழிப்பில் போடுவார். இப்போது மூன்று தடவை போட்டதும் மூன்று தினுசாக வந்தது. சரி, ரேகை வைத்துவிடலாம் என்றார்கள். ரேகை எப்படியும் எல்லோரும் வைக்கவேண்டியதுதான். ‘ஐயா, இடது கை’ என்றார் ஊழியர். பெரியப்பா வலது கையை நீட்டினார். ‘இது இல்லீங்க, இடது.’ கையை மடக்கிக்கொண்டு மறுபடி அதே கையை நீட்டினார். பின்னால் வரிசை நின்றிருந்தது. யாரோ சிரித்தார்கள். அண்ணன் குனிந்து மெதுவாகச் சொன்னான்: ‘அப்பா, கெழக்கால இருக்கிற கையை நீட்டுங்க.’

உடனே நீட்டினார். தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். கிழக்கால இருந்தது இடது கை.

அந்த அலுவலகத்துக்குக் கர்ணமாக எத்தனையோ தடவை வந்து போனவர். வாசல் எந்தத் திசை, ஜன்னல் எந்தத் திசை என்பது அவருக்கு அத்துபடி. எங்கள் பக்கத்தில் ‘கொஞ்சம் மேக்கால தள்ளி உக்காரு’ என்பது சாதாரணப் பேச்சு. ‘இடப்பக்கம் தள்ளி உட்கார்’ என்பது பள்ளிக்கூடத்துப் பாஷை. எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் 1990-களில் மதுரைப் பக்கத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார். மேசைமேல் வைத்த சிறு பொருள்களைச் சொல்லும்போதுகூட நாட்டுப்புறத்தார் வடக்கு தெற்கு என்கிறார்கள், பட்டணத்தார் இடம் வலம் என்கிறார்கள். இரண்டும் தமிழ்தான். ஆனால் ஒன்றில் என் உடம்பு நடுவில் உட்கார்ந்து உலகத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மற்றதில் உலகம் ஏற்கனவே பிரிந்து கிடக்கிறது, அதில் எங்கோ ஓரிடத்தில் என் உடம்பும் இருக்கிறது. நான் திரும்பி உட்கார்ந்தால் என் கிழக்குக் கை மேற்குக் கையாகிவிடும். நான் கையைச் சொந்தமாக வைத்திருப்பதாக இந்தப் பேச்சு சொல்வதில்லை. கை இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டுந்தான் சொல்கிறது.

இடமும் வலமும் எப்போதுமே யாரோ ஒருவருடைய உடம்பை நடுவில் வைத்துத்தான் வருகின்றன. இந்தத் தமிழ்ச் சமூகம் நூற்றாண்டுக் கணக்கில் தன்னை இடங்கை, வலங்கை என்று பிளந்து வைத்திருந்தது. கைக்குத் தொண்ணூற்றெட்டு ஜாதி என்று கணக்கு. திருச்சியிலிருந்து பெரம்பலூர் போகிற வழியில், பாடாலூருக்குப் பக்கத்தில் ஊட்டத்தூர்க் கோயிலில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, இடங்கையார் அக்கினி குண்டத்தில் தோன்றியவர்கள் என்று கதை சொல்கிறது. யாருடைய இடது கை? ராஜாவுடையதா, தெய்வத்தினுடையதா? கதைக்குக் கதை மாறும். அந்தக் கையாகவே இருந்தவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1429 வாக்கில் வரிக்கொடுமை பொறுக்காமல் இரண்டு கையும் ஒன்று சேர்ந்து எதிர்த்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. சேர்ந்ததும் பெயரை விட்டுவிடவில்லை. வலங்கையாரும் இடங்கையாருமாகவேதான் சேர்ந்தார்கள்.

நீட்டிய கையிலிருந்து கட்டைவிரலை எடுத்தது பெரியப்பா அல்ல, அந்த ஊழியர். இந்த இடத்தில்தான் பிற்பாடு சண்டை வந்தது. பெரியப்பாவின் மகளுக்கு விற்பனையில் இஷ்டமில்லை. ‘அப்பாவுக்கு எது கை எது விரல்னே தெரியல. புடிச்சு வெச்சு அமுக்கிட்டாங்க. அது எப்படி அப்பா குடுத்ததாகும்?’ என்று என்னிடமே கேட்டாள். நீயுமா கையெழுத்துப் போட்டாய் என்பது அதில் அடக்கம். அவளுடைய கோபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன, அவை இங்கே வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வி, காரணங்களை எடுத்துவிட்டாலும் நிற்கிற கேள்வி. தன் விரல் எது என்று அறியாதவன் இட்டது தன் குறியா?

ரேகை எடுக்கும் இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். வக்கீல் ஆனாலும் வாத்தியார் ஆனாலும் விரலை ஊழியர்தான் பிடிக்கிறார். ‘கையை லூஸா விடுங்க சார், நீங்க அமுக்காதீங்க’ என்கிறார். நாமாக அமுக்கினால் மை தீற்றிக்கொள்ளும். நம் விருப்பம் விரலை விட்டு விலகினால்தான் ரேகை தெளிவாக விழும். கையெழுத்துக்கு இது நேர்விரோதம்: அங்கே இன்னொருவர் கையைப் பிடித்தால் அது செல்லாது, இங்கே பிடித்தால்தான் நன்றாக வரும். கையெழுத்து இவன் இசைந்தான் என்கிறது. ரேகை இவன் இருந்தான் என்கிறது. இருந்ததை இசைந்ததாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். இந்த வழக்கத்துக்கு வயதும் அதிகமில்லை. 1858-இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலை போடச் சரளை தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்னால் பதித்துக்கொண்டார். பின்னால் மறுத்துப் பேசிவிடாமல் மிரட்டி வைக்கத்தான் அப்படிச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1897-இல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே ஒரு பணியகம் வந்தது; அதை வகைப்படுத்தும் முறையில் பெரும்பங்கு அஸிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களுடையது. இன்று ரேஷன் கடை மெஷினுக்கு நம்மைவிட நம் விரல் நன்றாகத் தெரியும். வேலை செய்து தேய்ந்த விரல் என்றால் அதற்கும் தெரியாமல் போய்விடும்.

ஆகவே அவள் சொன்னது பெரியப்பாவைப் பற்றிய உண்மையல்ல, கட்டைவிரலைப் பற்றிய உண்மை. மைப்பட்டைக்கு முன்னால் எல்லோருமே விரல் அறியாதவர்கள்தான். அவருடைய இசைவு விரலில் இருந்திருக்க முடியாது. அது முதல்நாள் ராத்திரி கிணற்றைப் பற்றிச் சொன்னதில் இருந்தது, ஓடையையும் வண்டிப்பாதையையும் அதனதன் திசையில் திருப்பி வைத்ததில் இருந்தது. நான் சாட்சி சொன்னது அதற்கு. இப்போது கேட்டாலும் போடுவேன். இதை அவளிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ‘கெழக்குக் கைன்னு அண்ணன் சொன்னான், அவர் நீட்டினார். சொல்லாம இருந்திருந்தா?’ என்றாள். சொல்லாமல் இருந்தால் நீட்டியிருக்க மாட்டார். இன்னொருவர் குரலில் சாய்ந்துகொண்டு தன் கையை அடைகிற ஒருவரிடம், அது உன் கைதானா என்று கேட்கலாமா? எனக்கு என்ன படுகிறதென்றால், எல்லோருமே ஒரு காலத்தில் அப்படித்தான் அடைந்தோம். இது கண்ணு, இது மூக்கு, சோத்துக்கை எது காட்டு என்று யாரோ சொல்லித்தான் உடம்பு நமக்கு வந்தது. அவருக்கு வந்தது திரும்பிப் போயிற்று. ஆகவே மறுபடி யாராவது சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் குழந்தைக்குச் சொல்கிறவனுக்கு அதன் நிலத்தில் கண் இருக்காது. அவளுடைய பக்கத்தில் இருக்கிற இந்த நியாயத்தை என்னால் தள்ள முடியவில்லை.

பெரியப்பா இந்தச் சண்டையில் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒருநாள், வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, ‘எத்தனை பேர் வெரலைப் புடிச்சு நான் வெச்சிருப்பேன். அவன் கேட்டுக்கிட்டானான்னு ஒருநாளும் நான் கேட்டதில்ல. கேக்கணும்னு தோணவேயில்ல’ என்றார். கர்ணமாக இருந்த காலத்தில் ஊராரின் அடமானப் பத்திரம், கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை எல்லாவற்றிலும் ரேகைக்குப் பக்கத்தில் இன்னாருடையது என்று எழுதியவர் அவர். அவருடைய முத்துமுத்தான எழுத்துக்குப் பக்கத்தில் வரிசையாக அந்த நீலக் கறைகள். கறைக்குச் சொந்தக்காரர்களும், கிணறு இருக்கிற காடா இல்லாத காடா என்று ஏதாவது மனசுக்குள் சொல்லியிருக்கலாம். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. எழுத்து இருந்த வரையில் அவருக்கு அது கேட்கவில்லை.

2016-இல் மறுபடி அடைப்பு வந்தது. அதற்குள் அந்தக் காட்டில் நூறு அடிக்குமேல் வெட்டியிருந்தார்கள். ஓடையும் இல்லை, வண்டிப்பாதையும் இல்லை, நான்கெல்லை பத்திரத்தில் மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரியில் லிப்டில் ஏற்றி, இரண்டு மூன்று வளைவு வளைத்து, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் போட்டார்கள். ஊசி போட வந்த நர்ஸ், ‘தாத்தா, அந்தக் கையைக் குடுங்க’ என்றாள். அவர் இரண்டு கையையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ‘கெழக்கு எது?’ என்றார். நான் நர்ஸைப் பார்த்தேன். அவள் கதவைப் பார்த்தாள், யோசித்தாள், தெரியவில்லை என்றாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டருக்கும் தெரியவில்லை.